மூச்சுக்கு ஒரு காரணம்

ஹவ்வா உம்மாளுக்கு முதன்முதலில் மூச்சு முட்டியது துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது. கையைத் தூக்கியவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை. வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். காற்று தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை. ஈரச் சேலையோடு அப்படியே மணலில் குந்திவிட்டாள்.

"நல்லா இருக்கு! அலசின சேலை பூரா மண்ணு," என்றாள் மாமியார் ஆசியம்மாள், அடுப்படி வாசலில் நின்றபடி. "மறுபடியும் அலசிப் போடு."

கொஞ்ச நேரத்தில் மூச்சு தானாகவே திரும்பி வந்தது. ஹவ்வா எழுந்து சேலையை மறுபடியும் அலசிப் போட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இது நடந்தது ஐம்பத்திரண்டாம் வருஷம், கோட்டைப்பட்டினத்தில். அந்த வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும்தான். ஹவ்வாவின் புருஷன் ஷேக் பரீது பினாங்கில் ஒரு அரிசிக் கடையில் பங்காளியாக இருந்தான். நிக்காஹ் முடிந்து மூன்று மாதம்கூட ஆகாமல் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவன். அந்த ஊரில் அது ஒன்றும் புதுமை இல்லை. எந்தத் தெருவை எடுத்தாலும் பாதி வீடுகளில் ஆம்பிளை கடல் கடந்து சபரில்தான் இருப்பான். ஆசியம்மாளின் புருஷனும் ஒரு காலத்தில் ரங்கூனுக்குப் போனவர்தான். சண்டைக் காலத்தில் அங்கே குண்டு விழுந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஊரார் வீட்டு நெல்லைக் குத்திக் கொடுத்தே மகனை ஆளாக்கினாள் ஆசியம்மாள். யாராவது சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது.

ஹவ்வாவுக்குச் சொந்த ஊர் மீமிசல். உம்மா சின்ன வயதிலேயே மவுத்தாகிவிட, வாப்பா வேறு நிக்காஹ் செய்துகொண்டார். திரும்பிப் போய் நிற்க அவளுக்கு ஒரு வாசல் இல்லை. அதனால் மாமியார் வைத்ததைத் தின்று, சொன்னதைக் கேட்டுப் பழகியிருந்தாள்.

அடுத்த மாதமே மூச்சு முட்டல் மறுபடி வந்தது. ஊருணியிலிருந்து இடுப்பில் குடத்தோடு வரும்போது வந்தது. பிறகு முற்றம் கூட்டும்போது வந்தது. பிறகு ஒரு வேலையும் செய்யாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோதே வந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சளியும் இல்லை. மல்லாந்து படுத்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். எழுந்து சுவரில் சாய்ந்தால் கொஞ்சம் தேவலை. தொழுகையில் சுஜூதுக்குப் போய் நெற்றியைத் தரையில் வைத்தவள் எழ முடியாமல் அப்படியே கிடப்பாள். மருமகளுக்கு மார்க்கப் பேணுதல் கூடிவிட்டது என்று ஆசியம்மாள் நினைத்தாள்.

பேச்சும் குறைந்தது. நீளமாக எதையும் சொல்ல அவளிடம் காற்று இல்லை. "ஆமா", "இல்ல", "இருக்கட்டும்" என்று துண்டு துண்டாகப் பேசினாள். பினாங்குக்காரன் பொண்டாட்டிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று தெருவில் சொன்னார்கள்.

ஒரு நாள் ஊருணிக் கரையில் எல்லார் கண்ணெதிரிலும் குடத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்து வீட்டு ரசியா பேகம்தான் அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள். விஷயம் கேட்டு நாலு பெண்கள் கூடிவிட்டார்கள். லெப்பை வந்து தண்ணீர் ஓதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"இதுக்கு எதுக்கு ஓதின தண்ணி?" என்றாள் ரசியா பேகம். அவள் வாய்த்துடுக்குக்காரி. "சீக்கும் இல்ல, சைத்தானும் இல்ல. மாப்பிள்ளை ஏக்கம். கப்பலேறிப் போன மனுசன் இவ மூச்சையும் சேத்துல்ல எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு! அவர் வந்து எறங்கட்டும், இவ மூச்சும் எறங்கும்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆசியம்மாள் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து கிடந்த மருமகளை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் ஹவ்வா குடத்தை எடுக்கப் போனபோது ஆசியம்மாள் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ இரு. நான் போயிட்டு வாரேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டின் நடப்பே மாறிப்போயிற்று. ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தாள் மாமியார். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். வந்தவர்களிடமெல்லாம், "எம்மவனை நெனச்சே உருகிப் போயிட்டா புள்ள," என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு மரியாதை இருந்தது. பிறந்ததிலிருந்து ஹவ்வாவை ஒருவரும் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

அவளே அதை நம்பினாளா என்று கேட்டால், நம்பத்தான் செய்தாள். உண்மையைச் சொன்னால் ஷேக் பரீதின் முகம் அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அவன் சட்டையிலிருந்த அத்தர் வாசனை ஞாபகம் இருந்தது. சாப்பிடும்போது மீன் முள்ளை எடுத்துவிட்டு அவள் பக்கம் தள்ளிவைப்பான், அது ஞாபகம் இருந்தது. மூச்சு முட்டும்போதெல்லாம் அவள் இதை நினைத்துக்கொள்வாள். போகப்போக இரண்டும் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. நினைப்பதால் முட்டுகிறதா, முட்டுவதால் நினைக்கிறோமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

எதிர்வீட்டு முகமது இப்ராஹிம் விடுமுறை முடிந்து பினாங்குக்குத் திரும்பியபோது ஆசியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று அவனிடம் சொல்லியனுப்பினாள். "தம்பி, எம்மவன்ட்ட சொல்லு. இங்க ஒரு உசுரு அவனுக்காகத் தவிச்சுக்கிட்டு இருக்குன்னு சொல்லு."

இப்ராஹிம் அங்கே போய் அதைக் கொஞ்சம் கூட்டியே சொன்னான். "ஒன் பொண்டாட்டிக்கு நீ இல்லாம மூச்சே விட முடியலையாம்டா." கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேலி செய்தார்கள். ஷேக் பரீதும் சேர்ந்து சிரித்தான். ஆனால் வேலை முடிந்து அரிசி மூட்டைமேல் சாய்ந்தபோது அந்தச் சொல் அவனை விடவில்லை. வாப்பா இல்லாமல் வளர்ந்தவன். பத்து வயதிலேயே வேலைக்குப் போனவன். தான் இல்லாமல் ஒருத்திக்கு மூச்சு வரவில்லை என்பதைப் போல ஒன்றை அவன் ஆயுளில் கேட்டதில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் கடைப் பங்கைக் கூட்டாளியிடமே விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டான்.

அவன் வந்து இறங்கிய அன்று ஹவ்வா வாசல்வரை ஓடினாள். மூச்சு வாங்கவே இல்லை. ஊரே பார்த்தது. ஆசியம்மாள் பள்ளிவாசலில் ஓதவைத்து எல்லாருக்கும் நார்சா இனிப்பு கொடுத்தாள். "அல்லா ஏக்கத்தைத் தீத்து வச்சுட்டான்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஹவ்வா தண்ணீர் எடுத்தாள், மாவு இடித்தாள், சிரித்தாள். ரசியா பேகம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நான் சொன்னேன்ல?" என்று கேட்டாள்.

பத்துப் பதினைந்து நாள் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு காலை, புருஷன் சொன்ன ஏதோ ஒரு பினாங்குக் கதைக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, சிரிப்பின் நடுவில் காற்று நின்றுபோனது. அவன் எதிரே உட்கார்ந்திருந்தான். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தான். "தண்ணி கொண்டாரேன்" என்று சைகை காட்டிவிட்டு எழுந்து அடுப்படிக்குள் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து மறைக்க ஆரம்பித்தாள். சேர்ந்து நடக்கும்போது மூச்சு வாங்கினால் காலில் முள் ஏறிவிட்டது என்று குனிந்து உட்கார்ந்துகொள்வாள். பேச்சின் நடுவில் நின்றுபோனால் ஏதோ யோசிப்பதுபோல் விரலைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அதற்குள் வாயைத் திறந்து வைத்திருப்பாள். படுக்கையில் அவன் அயர்ந்ததும் எழுந்து சுவரோரம் சாய்ந்துகொண்டு, விடியற்கால சுபுஹு பாங்குக்கு முன்னால் மறுபடி படுத்துக்கொள்வாள். தனக்காக இவ்வளவு தூரம் வந்தவன். இவன் வந்தும் மூச்சு வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அது வெளிப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குப் போன ஷேக் பரீதுக்கு, கூட்டாளி ஒருவனைச் சாப்பாட்டுக்கு அழைக்கலாமா என்று வீட்டில் கேட்டுவர வேண்டியிருந்தது. தொழுகை முடிந்ததும் கொல்லை வழியாக வேகமாக வந்தான். வந்தவன் வேலிப் படலருகே நின்றுவிட்டான். ஹவ்வா அரிவாள்மணைக்குப் பக்கத்தில், உரலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே சட்டியில் அலசி வைத்த மீன். காக்காய்கள் ஒவ்வொன்றாக வந்து மீனைத் தூக்கிக்கொண்டு போயின. அவள் கண் திறந்துதான் இருந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'சூ' என்று ஒரு சத்தம் கொடுக்க அவளிடம் காற்று இல்லை. கையை லேசாகத் தூக்கினாள், அது மடியிலேயே விழுந்தது.

அவன் ஓடி வந்து காக்காயை விரட்டினான். "ஹவ்வா! என்னம்மா பண்ணுது?"

அவள் பதில் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். கடைசியில் சொன்னாள்: "மீனு... போச்சு."

"மீனு கெடக்கட்டும். இது... எப்பயிருந்து?"

"நிக்கவே இல்ல மச்சான்."

அவன் கை அவள் முதுகிலேயே நின்றது. பிறகு எடுத்துக்கொண்டான். எழுந்து கடற்கரைப் பக்கம் போனான். வலை காய்கிற இடத்துக்கு அப்பால் மணலில் சாயங்கால அசர் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கோபம் இல்லை. கோபம் என்றால் யார்மேல் என்று ஒரு ஆள் வேண்டும். அந்தக் கடலைத் தாண்டித்தான் வந்தான். வரும் வழியெல்லாம் தளத்தில் நின்றுகொண்டு, தான் போய் இறங்கியதும் ஒருத்தி நிறைய மூச்சை இழுத்து விடுவாள் என்று நினைத்துக்கொண்டே வந்தான்.

திரும்பி வந்தபோது ஹவ்வா அதே இடத்தில் இருந்தாள்.

"பினாங்குல எல்லார்ட்டயும் சொன்னேன்," என்றான் அவன், மெதுவாக. "நான் இல்லாம எம்பொண்டாட்டிக்கு மூச்சு வரலைன்னு. கேலி பண்ணுவானுக. ஆனாலும் சொல்லுவேன். பெருமையா இருந்துச்சு."

"நானும்... அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் ஹவ்வா. "பொய் சொல்லலை மச்சான். நெசமாவே நெனச்சேன்."

"தெரியும்."

இரண்டு பேரும் காலிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ ஒரு பிள்ளை பிறந்து இறந்துவிட்டதுபோல் இருந்தது அவர்களுக்கு.

மறுவாரம் அவளைப் பஸ்ஸில் அறந்தாங்கிக்கும் அங்கிருந்து புதுக்கோட்டைக்கும் கூட்டிப்போனான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. எதிர்க்காற்று தானாகவே மூக்கில் ஏறியது. "இப்படியே... போய்க்கிட்டே இருந்தா நல்லாருக்கும்," என்றாள்.

புதுக்கோட்டையில் பெயர் பெற்ற ஒரு டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். காசம் இல்லை என்றார். இழுப்பும் இல்லை, இழுப்பாக இருந்தால் சத்தம் வரும் என்றார். சோகைக்குக் கண்ணைப் பார்த்தார். அதுவும் பெரிதாக இல்லை. பிறகு கைகளைக் கழுவிக்கொண்டே, துணைக்கு வந்தவன் அண்ணனோ தம்பியோ என்று நினைத்து ஷேக் பரீதிடம் கேட்டார்: "இந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரா?"

"நான்தாங்க வீட்டுக்காரர்."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சண்டை சச்சரவு ஏதும் உண்டா? மாமியார் கொடுமை?"

"இல்லைங்க."

"அப்ப ஒண்ணும் இல்லை. மனசுதான். தைரியமா இருக்கச் சொல்லுங்க." ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது ஹவ்வா கேட்டாள்: "மனசுன்னா... எதுக்குன்னு சொன்னாரா?"

"சொல்லலை."

"எனக்கு மனசுல ஒண்ணும் இல்லையே மச்சான். நீங்கதான் வந்துட்டீங்களே."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் மறைக்க முடியவில்லை. ஆசியம்மாளிடம் சொன்னார்கள். அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை.

"நீதான் வந்துட்டியே. அப்புறம் என்ன?"

"வந்தும் இருக்கு உம்மா. என்ன சீக்குன்னு டாக்டருக்கும் தெரியலை."

ஆசியம்மாள் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். முகம் இறுகிப்போனது. "அப்ப எம்மவன் எதுக்குக் கடையை விட்டுட்டு வந்தான்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். 

மறுநாள் விடிந்ததும் ஹவ்வாவின் பக்கத்தில் குடம் இருந்தது. ஆசியம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு ஷேக் பரீதே போய்த் தண்ணீர் எடுத்து வந்தான். ஆம்பிளை குடம் தூக்கி வருவதைத் தெருவே நின்று பார்த்தது. ஆசியம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து அவள் மருமகளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், பேச மாட்டாள். ஒரு பிள்ளையாவது பிறந்திருந்தால் அந்த இறுக்கம் தளர்ந்திருக்கும். பிள்ளையும் தங்கவில்லை.

மூச்சு முட்டியதைவிட அந்த மௌனம்தான் ஹவ்வாவை அதிகமாக வாட்டியது. ஒரு நாள் பகல், புதிதாகத் தொடங்கிய வியாபாரத்துக்காகக் கருவாடு கட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் சொன்னாள்: "மச்சான்... நீங்க திரும்பப் போங்க."

"எங்கிட்டு?"

"பினாங்குக்கு."

"எதுக்கு?"

"நீங்க போயிட்டா..." அவள் நிறுத்தினாள். காற்றுக்காகக் காத்திருந்தாள். "எனக்கு ஏன் மூச்சு வரலைன்னு... எல்லாருக்கும் தெரிஞ்சிரும். மாமியும்... பழையபடி இருப்பாங்க."

அவன் வேடிக்கையாகச் சொல்கிறாளோ என்று பார்த்தான். இல்லை. அவள் நன்றாக யோசித்து வைத்திருந்து சொன்ன பேச்சு அது.

"அப்ப ஒனக்கு நான் வேணாமா?"

"வேணும். அதான்... கேக்குறதுக்குக் கஷ்டமா இருக்கு."

அவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கு நேரே வந்து உட்கார்ந்தான். "நான் போகலை. காரணம் தெரியாமலேயே முட்டிட்டுப் போகட்டும். ஊருக்குக் காரணம் சொல்லணும்னு என்ன இருக்கு? முட்டுறப்ப நான் பக்கத்துல இருக்கேன். அவ்வளவுதான் என்னால ஆகும்."

அவன் அதில் மாறவே இல்லை. கருவாட்டு வியாபாரம் பழகிக்கொண்டான். கடற்கரையில் வாங்கிக் காயவைத்துச் சாக்கில் கட்டிக் கறம்பக்குடிச் சந்தைக்குக் கொண்டுபோவான். அரிசிக் கடையில் வெள்ளைச் சட்டையோடு இருந்தவன்மேல் எப்போதும் கவிச்சி வாடை அடித்தது. பனம்பலகையில் அவளுக்கு ஒரு சாய்மானம் செய்து கட்டிலோடு சேர்த்துக் கட்டினான். அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டான். அவள் ஒரு விரலைத் தூக்கினால் 'கொஞ்சம் பொறுங்க' என்று அர்த்தம். பேச்சின் பாதியில் அவள் நின்றுபோனால் மற்றவர்கள் மீதியைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அவன் மட்டும் முடிக்க மாட்டான். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்தாலும் காத்திருப்பான். காற்று வந்து அவளே சொல்லட்டும் என்று இருப்பான்.

நல்ல நாட்களும் இருந்தன. வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் அவள் அடுப்படியில் உட்கார்ந்தபடியே சமைப்பாள். மீன் விற்க வரும் மூக்காயியோடு பேரம் பேசுவாள். "நீ வெலை சொல்லி முடிக்கிறதுக்குள்ள எம்மீனு கருவாடாயிரும் போல," என்று மூக்காயி சொல்வாள். ஹவ்வா சிரிப்பாள். சிரிப்பதற்கும் மூச்சைச் சேர்த்து வைத்துத்தான் சிரிப்பாள்.

தெருவுக்குக் கரண்டு வந்த வருஷம் அவள் நிலைமை மோசமானது. கால் வீங்கியது. பலகையில் சாய்ந்தாலும் ஆகவில்லை. பலகையின் கெட்டி முதுகில் உறுத்தியது. தலையணை வைத்தால் நழுவியது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

ஒரு மத்தியானம் ஷேக் பரீது வெளியே போயிருந்தான். ஹவ்வா பாயில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்து திணறிக்கொண்டிருந்தாள். கூடத்தின் மறுமூலையில் ஆசியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்தாள். மருமகளுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து, தன் முதுகை அவள் முதுகோடு சேர்த்தாள்.

"சாஞ்சுக்க."

ஹவ்வா சாய்ந்தாள். நெல் குத்தியே உரமேறிய முதுகு அது. அகலமாக, சூடாக, அவள் அசைந்தால் கூடவே அசைந்துகொடுத்தது. கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு மட்டுப்பட்டது.

அன்றிலிருந்து மத்தியானங்களில் அது வழக்கமாகிவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதனாலோ என்னவோ ஆசியம்மாளுக்குப் பேச வந்தது. முதலில் ஊர்க்கதை பேசினாள். பிறகு ஒரு நாள் சொன்னாள்:

"ஒங்க மாமா ரங்கூனுக்குப் போனப்ப எனக்கு ஒன் வயசுகூட இருக்காது. எனக்கு ஒரு நாளும் மூச்சு முட்டலை புள்ள. பசிச்சுச்சு, தின்னேன். படுத்தா தூக்கம் வந்துச்சு. குண்டு விழுந்து அவர் மவுத்துன்னு ஊருல சொன்னாங்கள்ல, அன்னைக்கும் ஒலையில அரிசி போட்டேன். நம்ம நெஞ்சு கல்லு போலன்னு நெனச்சுக்கிட்டேன். நீ எம்மவனுக்காக மூச்சுத் தெணறுறேன்னு சொன்னாங்களா, எனக்கு ஒன்னைப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு. இவல்ல பொண்டாட்டி, நான் என்னத்தப் பொண்டாட்டின்னு. அப்புறம் அது இல்லைன்னு ஆச்சு. அப்ப வந்துச்சு பாரு ஒரு ஆத்திரம்... நீ என்னைய ஏமாத்திப்புட்டேன்னு தோணுச்சு. நீ என்ன செய்வ, பாவம்."

ஹவ்வா வெகுநேரம் காற்றைச் சேர்த்தாள். "மாமி... நீங்க அழுதீங்களா?"

"எங்கிட்டு நேரம்? விடிஞ்சா ரெண்டு மூட்டை நெல்லு கெடக்கும்."

 கொஞ்சம் கழித்து அந்த அகலமான முதுகு குலுங்குவது ஹவ்வாவுக்குத் தெரிந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை. தன் கையைப் பின்னால் கொண்டுபோனாள். மாமியாரின் கை அகப்பட்டது. பிடித்துக்கொண்டாள்.

மாசி கடைசியில் ஒரு சந்தை நாள். ஷேக் பரீது போக மனமில்லாமல்தான் கிளம்பினான். "கட்டுன சாக்கு கெட்டுப்போயிரும், போயிட்டு வாங்க," என்று ஹவ்வாவே சொன்னாள். மத்தியான லுஹர் தொழுதுவிட்டு ஆசியம்மாள் வழக்கம்போல் வந்து முதுகு கொடுத்து உட்கார்ந்தாள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஹவ்வா பாதியில் நிறுத்தினாள். காற்று வரட்டும் என்று ஆசியம்மாள் காத்திருந்தாள். மகனைப் பார்த்துப் பார்த்து அவளும் காத்திருக்கப் பழகியிருந்தாள். முதுகில் பாரம் மெல்லக் கூடியது. தூங்கிவிட்டாள், நல்லது என்று நினைத்தாள். அசர் பாங்கு சொன்னபோது எழுப்பலாம் என்று கையைத் தொட்டாள். கை சில்லிட்டிருந்தது.

ஆசியம்மாள் எழவில்லை. எழுந்தால் ஹவ்வா சரிந்துவிடுவாள். ஒரு கை பிடிக்க ஆள் கூப்பிட வாய் வரவில்லை. ரசியா பேகம் ஏதோ கேட்க வந்து, இருவரையும் பார்த்துவிட்டு அலறியபோதுதான் ஆட்கள் ஓடிவந்தார்கள்.

பொழுது சாய்ந்து மஃரிப் நேரத்தில் ஷேக் பரீது வந்தான். அவன் காலிச் சாக்குகளைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை, யாரோ வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை அடக்கம் செய்தார்கள். அவளுக்கு இருபத்தேழு வயது.

மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு வந்த பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சீக்காம், என்ன சீக்காம் என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி கேட்டாள். மீமிசலிலிருந்து வந்த ஹவ்வாவின் சின்னம்மா, "சின்னதுலேயே தாயில்லாப் புள்ள, அந்த ஏக்கமா இருக்கும்," என்றாள்.

"ஏக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் ஆசியம்மாள். "என்னன்னு தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே அவ இத்தனை வருசம் இழுத்துப் பிடிச்சா. வாயில வந்ததச் சொல்லாதீங்க."

பெண்கள் அடங்கிவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு தாயும் மகனும் மட்டும் இருந்தார்கள். ஆசியம்மாள் தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"உம்மா, கடைசியா அவ என்ன சொன்னா?"

ஆசியம்மாள் யோசித்தாள். பெரிதாக ஏதாவது சொல்லலாம் என்று அவளுக்கும் தோன்றியிருக்கும். மகன் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

"கொல்லையில காயப்போட்ட கருவாட்டை எடுத்து வைக்கணும் மாமி, மேகம் போட்டிருக்குன்னா. எடுத்து வச்சுட்டு... அப்படின்னு சொல்ல வந்தா. அதுக்கு மேல சொல்லலை."

"எடுத்து வச்சுட்டு?"

"அதுக்கு மேல சொல்லலைப்பா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மழை வந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. கலைஞ்சு போயிருச்சு."